அறிவிப்புப் பலகையின் மொழியும் தேர்வுத் தாளின் மொழியும்

தமிழில் முதுகலை முடித்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழே பயிற்றுவித்துவரும் இருவர், நாற்பதைக் கடந்த வயதில் மனிதவள மேலாண்மையில் பகுதிநேர முதுநிலைப் பட்டயம் பயிலப் போனால் நண்பர்கள் என்ன கேட்பார்கள்? "வேலையை மாற்றிக்கொள்ளப் போகிறீர்களா?" என்றார் ஒருவர். "தொல்காப்பியம் அலுத்துவிட்டதா?" என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. எங்களை அந்த வகுப்புக்கு அனுப்பியது ஒரு கடிதம்.

2022ஆம் ஆண்டுக் கோடையில் பழைய மாணவர் ஒருவர் ராயபுரத்தில் எங்களைத் தேடி வந்தார். இளங்கலையில் எங்கள் இருவரிடமும் பயின்றவர். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில் அப்போது வேலை. கையில் இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம். "ஐயா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க. ஏழு நாள்ல பதில் எழுதணுமாம்" என்றார். படித்தோம். ஆங்கிலச் சொற்கள் விளங்கின. அவற்றின் பொருள் விளங்கவில்லை. இது விளக்கம் கேட்கும் கடிதமா, குற்றச்சாட்டா, வேலையிலிருந்து நிறுத்திய ஆணையா? பெற்றுக்கொண்டதாக அவர் இட்ட கையொப்பம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா? எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அவரை அனுப்பிவைத்தோம். சங்கப் பாட்டின் ஓர் அடைமொழிக்கு மூன்று உரைகாரர் கூறும் மூன்று பொருளை நாள் முழுதும் விரித்துரைக்க வல்ல நாங்கள், எங்கள் மாணவரின் சோற்றைப் பற்றிய இரண்டு பக்கத்துக்கு உரை சொல்ல இயலாமல் நின்றோம். அந்த ஆண்டே விண்ணப்பம் வாங்கினோம்.

வகுப்பு சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு முழுவதும். உடன் பயின்றோர் பெரும்பாலும் வடசென்னையைச் சேர்ந்தவர்கள். எண்ணூரிலிருந்து ஒப்பந்த நிறுவன மேற்பார்வையாளர் ஒருவர், மணலியிலிருந்து பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் கண்காணிப்பாளராக இருக்கும் பெண்மணி, திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றின் டைம் ஆபீஸில் இருபத்தைந்து ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய ஐம்பது வயதுக்காரர். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாளை வகுப்புக்குக் கொடுத்தவர்கள். பணிக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை பேணுவது பற்றிய பாடத்தை ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உறக்கத்தோடு போராடியபடி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காட்சியில் நகைப்பும் உண்டு, வருத்தமும் உண்டு.

அந்த டைம் ஆபீஸ்காரரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு, விடுப்புக் கணக்கு, ஷிப்டு மாற்றம், விளக்கம் கேட்கும் குறிப்பாணை என ஒரு தொழிற்சாலையில் மனிதவளத் துறை செய்யும் வேலைகளில் பாதியை அவர் கை அறியும். தமிழில் குறிப்பாணை எழுதுவதில் தேர்ந்தவர். முதல் பருவத்தில் தொழிலாளர் சட்டத் தாளில் அவர் தோற்றார். இரண்டாம் முறையும் தோற்றார். எங்கள் வகுப்பில் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் மட்டுமே நடந்தன. முடிவு வெளியான அன்று தேநீர்க் கடையில் அவர் கேட்டது இது: "வாத்தியாரே, கேட்டாண்ட நான் ஒட்டுற போர்டு தமிழ். இங்க எழுதுற பரீட்சை இங்கிலீஷ். சட்டம் ஒண்ணுதானே?"

இந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

அவர் சொன்ன போர்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. தொழிற்சாலை ஒன்றில் வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றை வரையறுக்கும் விதிகளுக்கு நிலையாணைகள் என்று பெயர். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், அதன் 9ஆம் பிரிவில், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் எழுதி, அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் வைக்க வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் அறிவிப்புகளுக்கு இதே மொழி விதியைக் கூறியது. விதியை அறியாதவன்மீது விதியை ஏவுதல் முறையன்று என்ற எளிய நீதி இதில் உள்ளது. ஆயின் அந்தப் பலகைக்கு உரியவர்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பறையில் அந்த மொழிக்கு இடமில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய இத்துறையின் பிறப்பைச் சற்று நோக்க வேண்டும். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த அரசுத் தொழிலாளர் ஆணையம் (விட்லி தலைமையிலானது) ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. ஆளெடுப்பில் மேஸ்திரிகளின் கையூட்டும் ஆதிக்கமும் அன்று பெருங்குறை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றாக்கியது. நல அலுவலருக்குக் கல்வித் தகுதி வேண்டும். தகுதிக்குப் படிப்பு வேண்டும். பம்பாயில் 1936இல் தோன்றிய டாடா சமூகப்பணிப் பள்ளியும், சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளியும் இவ்வழியில் ஆட்களைப் பயிற்றுவித்தன. தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் 1973இல் தோன்றியது. இன்று அம்பத்தூரில் இயங்கும் அந்நிலையம் பட்டப் படிப்புகளோடு, பணிபுரிவோருக்காக மாலைநேர, வார இறுதிப் பட்டயங்களையும் நடத்தி வந்துள்ளது. (நாங்கள் பயின்றது வேறிடம்.)

ஆக, தொழிலாளியின் நலத்திலிருந்து பிறந்த துறை இது. பிறகு பெயர்கள் மாறின. தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை ஆயிற்று. 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்காக உதய் பரீக், டி.வி. ராவ் ஆகிய இருவரும் வகுத்த திட்டத்தின்வழி மனிதவள மேம்பாடு என்ற பெயரில் தனித்துறை இந்தியாவில் கால்கொண்டது. அதன் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஊழியரின் திறன் வளர வேண்டும், அவர் குரல் கேட்கப்பட வேண்டும் என்றே அவர்கள் எழுதினார்கள். எனினும் பெயர் மாற்றத்தோடு பார்வை சாய்ந்ததையும் மறுப்பதற்கில்லை. நல அலுவலர் தொழிற்கூடத்தில் நின்றார். மனிதவள மேலாளர் பெரிதும் அலுவலகத்தில் அமர்ந்தார். எங்கள் பாடத்திட்டத்தில் ஆளெடுப்பு, செயல்திறன் மதிப்பீடு, ஊக்கமூட்டல் பற்றி ஏராளமாக இருந்தது; உதாரணங்கள் அமெரிக்க நிறுவனங்களிலிருந்து வந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி ஒரே ஒரு வகுப்பு. வடசென்னையிலிருந்து வந்திருந்தவர்களோ ஒப்பந்தத் தொழிலாளரோடு ஒவ்வொரு நாளும் புழங்குபவர்கள்.

ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். நாங்கள் பயின்றுகொண்டிருந்தபோது, 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேர வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களித்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தச் சட்ட முன்வடிவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறாண்டு. இத்துறை மாணவர்க்கு இதைவிட நல்ல பாடம் அமையுமா? அந்த வாரம் எங்கள் வகுப்பில் ஊக்கமூட்டல் கோட்பாடுகள் நடந்தன. பன்னிரண்டு மணி நேரம் பற்றிய விவாதம் தேநீர்க் கடையில், தமிழில் நடந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மனம் எப்படி மரத்துப்போகிறது என்பதை எம்.சி. ரோட்டுப் பெண்மணி சொன்னார். கடை ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021இல் தமிழகம் திருத்தச் சட்டம் இயற்றிய பின்னும், வாடிக்கையாளர் வந்தால் எழுந்துவிடும் பழக்கம் காலிலிருந்து போகவில்லை என்றார். வகுப்பின் எந்தத் தாளிலும் அவர் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

இனி, தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்ற வினா. அதற்கு விடையாக ஒருவரை நினைவூட்டினால் போதும். 1918 ஏப்ரல் 27 அன்று, ராயபுரத்துக்கு மேற்கே பெரம்பூர் வட்டாரத்துப் பின்னி ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்று அது. அதன் தலைவர் பி.பி. வாடியா, பம்பாயிலிருந்து வந்த பார்சி. பேச்சும் எழுத்தும் ஆங்கிலம். ஆலைத் தொழிலாளர்க்கும் அவருக்கும் இடையே தமிழறிந்தோர் நிற்க வேண்டியிருந்தது. அவ்வாறு அச்சங்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். அதற்கு முந்திய ஆண்டுவரை அவர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதிய அதே கை தொழிலாளர் கோரிக்கையையும் எழுதியது. புலமைக்கும் தொழிற்கூடத்துக்கும் இடையே அவர் சுவர் எதையும் காணவில்லை. அச்சுவரை எழுப்பியவர்கள் பிற்காலத்தவராகிய நாம்.

தமிழாசிரியன் செய்யக்கூடியது என்ன என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. "வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" என்று ஒருவர் வந்து சொன்னால் அது நான்கு வேறு செய்திகளாக இருக்கக்கூடும். விசாரணை முடியும்வரை ஒதுக்கிவைத்திருக்கலாம்: அது தற்காலிகப் பணிநீக்கம், வேலை உறவு அறுபடவில்லை, பிழைப்புப்படி உண்டு. மூலப்பொருளோ மின்சாரமோ இன்றிச் சில நாள் வேலை கொடுக்க முடியாதிருக்கலாம்: அதுவும் வேலை முடிவன்று. ஆள் மிகுதி என்று கணக்கைத் தீர்த்திருக்கலாம்: அது ஆட்குறைப்பு, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவராயின், ஒரு மாத முன்னறிவிப்பும், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் அவர் உரிமை. ஒழுங்கீனம் மெய்ப்பிக்கப்பட்டு நீக்கியிருக்கலாம்: அது பணியறவு, அந்த இழப்பீடு கிடையாது. இருபது ஆண்டு உழைத்தவருக்கு மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வேறுபாடு முன்னூறு நாள் ஊதியம். பேச்சுத் தமிழ் நான்கையும் ஒரே தொடரில் அடக்குகிறது. ஆங்கிலக் கடிதம் நான்கையும் பிரித்துக் காட்டுகிறது, ஆனால் பெறுபவருக்கு விளங்காமல். பிரித்துக் காட்டவும் வேண்டும், விளங்கவும் வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருள் வேறுபாடு காண்பதே தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறைகளுக்கு இதைவிடத் தக்க பணி வேறென்ன?

மனிதவளம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதன் ஆங்கில மூலச் சொல்லில், வேண்டும்போது எடுத்துச் செலவிடும் இருப்பு என்ற சாயல் உண்டு. நிலக்கரி ஓர் இருப்பு. மனிதனும் ஓர் இருப்பு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரோ அதை 'வளம்' ஆக்கினார். அவர் அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, நல்லதைச் செய்தார். நிலவளம், நீர்வளம், சொல்வளம் என்னும்போது வளம் அந்த நிலத்துக்கும் நீருக்கும் சொல்லுக்கும் உரியது. அதை நுகர்வோருக்கு உரியதன்று. வளம் குன்றினால் நிலத்துக்கு எரு இடுகிறோம். அவ்வழியில் பொருள்கொண்டால் மனிதவளம் என்பது மனிதனிடத்தே உள்ள செழுமை. அதைக் குன்றாமல் காப்பது மேலாண்மை. திருக்குறளின் தெரிந்து வினையாடல் அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்து விளக்கப் படத்தின் முதல் பக்கத்தில் அலங்காரமாக வைக்கும் வழக்கம் இவ்வகுப்புகளில் உண்டு. அலங்காரத்தைக் குறைத்து, துறையின் பெயரிலேயே தமிழ் தந்திருக்கும் இந்தப் பொருளைப் பாடமாக்கினால் பயன் மிகும்.

எதிர்வாதங்கள் வலுவானவை, தட்டிக்கழிக்க இயலாது. முதலாவது: ஆங்கிலம் இல்லாமல் மனிதவளத் துறையில் வேலை கிடைக்காது. உண்மை. நிறுவனத்தின் கணினி மென்பொருளும் தலைமையகக் கடிதமும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் மட்டுமே படிப்பித்து மாணவரை ஏமாற்ற வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. விடையைத் தமிழிலும் எழுதலாம் என்ற உரிமையும், குறிப்பாணை எழுதுதல், உள்விசாரணை நடத்துதல் ஆகிய இரண்டையும் தமிழிலேயே பயிற்றும் ஒரு தாளும் வேண்டும் என்கிறோம். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே அவர்கள் தொழிலாளியோடு தமிழில் பேசித்தானே ஆக வேண்டும்?

இரண்டாவது: தமிழில் நூல் இல்லை. 1970இல் தோன்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அக்காலத்தில் கல்லூரிப் பாடங்களுக்கே தமிழ் நூல்களை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இயந்திரவியலுக்கு இயன்றது மனிதரைப் பற்றிய படிப்புக்கு இயலாதா? மேலும், இன்று ஒரு வாய்ப்பு வந்துள்ளது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. 1946, 1948 என்று மேலே நாங்கள் குறித்த சட்டங்கள் இவற்றுள் கரைந்துவிட்டன. நாங்கள் மனனம் செய்த பிரிவு எண்களெல்லாம் பழையனவாயின. ஆங்கில நூல்களும் புதிதாக எழுதப்பட வேண்டிய நேரம் இது. தமிழ் நூலும் உடன் எழுதப்படலாம்.

புதிய தொகுப்புகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல அலுவலர் வேண்டும் என்பதற்கான தொழிலாளர் எண்ணிக்கை 500இலிருந்து 250 ஆகக் குறைந்தது, வரவேற்போம். மத்தியச் சட்டத்தில் நிலையாணைகளுக்கான எண்ணிக்கையோ 100இலிருந்து 300 ஆக உயர்ந்தது. ஆக, 260 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருப்பார். வாயிலருகே பலகையில் எழுதிவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தும் நிலையாணைகள் இல்லாமற் போகலாம். எழுத்தில் விதி இல்லாத இடத்தில் அலுவலரின் வாய்ச்சொல்லே விதியாகும். அவர் எப்படிப் பேசுகிறார், எந்த மொழியில் எவ்வளவு தெளிவாக எழுதித் தருகிறார் என்பது முன்னிலும் பெரிதாகிறது.

மூன்றாவது எதிர்வாதமே எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எண்ணூர் மேற்பார்வையாளர் எழுப்பியது. "சார், நம்ம சைட்ல இப்ப தமிழ் பேசுற ஆளே கம்மி. இந்தி, ஒடியா, பெங்காலி, அசாமி. தமிழ்ல போர்டு வெச்சா யாரு படிப்பாங்க?" 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் மாண்டபோது அவர் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. மாண்டவர்கள் வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், பெரும்பாலோர் அசாமியர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது எங்கள் வேலையன்று. ஆனால் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையும், உரிமையைப் பற்றிய அறிவிப்பும் அவரவர் மொழியில் சேர்ந்தாக வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அந்தப் பழைய சட்டம் 'தமிழ்' என்று எழுதவில்லை; 'பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழி' என்றே எழுதியது. தமிழுக்காக நாம் கேட்கும் நீதி அசாமியருக்கும் ஒடியருக்கும் சேர்த்தே கேட்கப்படும்போதுதான் நீதியாகும். தம் மொழியில் விதியை அறியும் உரிமையை உணர்ந்த தமிழ் அலுவலரே, அடுத்தவருக்கு அது மறுக்கப்படும்போது முதலில் காண்பார் என்பது எங்கள் நம்பிக்கை.

பட்டயம் முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் எங்கள் கல்லூரியிலேயே, எங்கள் துறையிலேயே இருக்கிறோம். படிக்கும்போது, தோற்றுப்போன நண்பருக்காகத் தொழிலாளர் சட்டச் சொற்களுக்குத் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினோம். ஞாயிறுதோறும் வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம் அதை வைத்து அவரோடு அமர்ந்தோம். அவர் சொன்ன தொழிற்கூட வழக்குகளால் பாதி நிரம்பியது. மூன்றாம் முறை அவர் தேறினார், ஆங்கிலத்தில்தான். தேறிய பின்னும் அவர் தமிழில் எழுதிய குறிப்பாணைகளே எங்கள் குறிப்பேட்டில் நல்ல பக்கங்கள்.

கன்டெய்னர் யார்டு மாணவர் என்னவானார் என்று வாசகர் கேட்கலாம். வழக்கறிஞர் வழியே உரிய நாளுக்குள் பதில் எழுதினார்; விசாரணை நடந்தது; இரண்டு நாள் ஊதியப் பிடித்தத்தோடு வேலை நிலைத்தது. அன்று வந்தது குற்றச்சாட்டுக் குறிப்பாணை மட்டுமே. கையொப்பம் பெற்றதற்கான ஒப்புகை, குற்றத்துக்கான ஒப்புதலன்று. பத்து நிமிடத்தில் சொல்லி அவர் அச்சத்தைத் தீர்த்திருக்கலாம்.

தமிழ்த்துறைகளில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய மாணவர்களில் யாரேனும் ஒருவரிடம், அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தரப்பட்ட நியமன ஆணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதற்கு உங்களால் தமிழில் உரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையெனில், அருகில் எங்கேனும் வார இறுதி வகுப்பு நடக்கும்; விண்ணப்பம் வாங்கிவிடுங்கள். கடைசி இருக்கையில் டைம் ஆபீஸ்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் பக்கத்தில் உட்காருங்கள்.